நான்காம் பங்கு: முதியோர் பேணலின் பொருள் வரலாறு

பெற்றோரைப் பேணுதல் அறம் என்பதில் எக்காலத்தும் கருத்து வேறுபாடு இருந்ததில்லை. அந்த அறத்திற்கு ஆகும் செலவை யார் ஏற்பது, எதிலிருந்து ஏற்பது, எத்தனை ஆண்டுகளுக்கு ஏற்பது என்னும் வினாக்களுக்கே ஒவ்வொரு காலமும் ஒவ்வொரு விடை கண்டுள்ளது. அறநூல்கள் கடமையைச் சொல்லின. கடமையை நிறைவேற்றும் பொருளை நிலமும், களஞ்சியமும், ஆவணமும், சட்டமும் தந்தன. கடமையின் வரலாறு பலரும் அறிந்தது. பொருளின் வரலாறு அவ்வளவாகப் பேசப்படாதது.

இன்று இவ்வினா கூர்மை பெற்றதற்குக் காரணம் வாழ்நாள் நீண்டமையே. நாடு விடுதலை பெற்ற காலத்தில் இந்தியரின் சராசரி வாழ்நாள் ஏறத்தாழ 32 ஆண்டுகள். இன்று அது 70 ஆண்டுகளை எட்டி நிற்கிறது. 2011-ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி நாட்டு மக்களில் 60 வயது கடந்தோர் 8.6 விழுக்காடு, தமிழ்நாட்டில் 10.4 விழுக்காடு. முற்காலத்தில் முதுமை என்பது பெரும்பாலும் சில ஆண்டுகளில் முடியும் பருவம். இன்றோ பணி ஓய்வுக்குப்பின் பல ஆண்டுகள் வாழ்வது இயல்பாகிவிட்டது. அவற்றுள் இறுதிச் சில ஆண்டுகள் பிறர் துணையின்றி எழவும் நடக்கவும் இயலாத ஆண்டுகளாக அமைந்துவிடுகின்றன. மருத்துவச் செலவு ஒருமுறை வந்து போவது. பேணும் செலவோ நாள்தோறும் நிற்பது. இவ்விரண்டையும் ஒன்றெனக் கருதுவதே பல குடும்பங்கள் தடுமாறும் முதல் இடம்.

கிருகத் தியாகமும் மூன்று பங்குகளும்

முதியவர் தம் சொத்தை மக்களிடம் ஒப்படைக்கும் முறை குறித்துச் சமண நூல்கள் தெளிவான கருத்துடையன. ஒன்பதாம் நூற்றாண்டில் இராட்டிரகூட மன்னன் அமோகவர்ஷன் காலத்தில் வாழ்ந்த ஜினசேனாசாரியர் தம் ஆதிபுராணத்தில் ஈகையை நான்காக வகுத்தார். அவை தயாதத்தி, பாத்திரதத்தி, சமதத்தி, அன்வயதத்தி என்பன. எளிய உயிர்கட்கு இரங்கி அளிப்பது முதலாவது. துறவியர்க்கு அளிப்பது இரண்டாவது. தம்மையொத்த அறத்தார்க்கு அளிப்பது மூன்றாவது. குலம் தொடரும்பொருட்டு மகனிடம் பொருளையும் அறத்தையும் சேர்த்து ஒப்படைப்பது நான்காவது. குடும்பச் சொத்து கைமாறுவதும் ஈகையின் ஒரு வகையே என்பதும், பொருளோடு கடமையும் சேர்ந்தே கைமாறுகிறது என்பதும் இப்பகுப்பால் விளங்கும்.

அதே நூலில் இல்லறத்தானுக்குரிய கிரியைகளுள் ஒன்றாகக் கிருகத் தியாகம் கூறப்படுகிறது. இல்லத்தை விட்டு நீங்கக் கருதுபவன் பெரியோரை அழைத்து, அவர்களைச் சான்றாக வைத்து, மூத்த மகனிடம் குடும்பப் பொறுப்பை ஒப்படைக்கிறான். பொருளை மூன்று பங்காக்குமாறு பணிக்கிறான். ஒரு பங்கு அறத்திற்கு. ஒரு பங்கு இல்லச் செலவிற்கு. ஒரு பங்கு உடன்பிறந்தார் தமக்குள் சமமாகப் பகிர்வதற்கு. அப்பகிர்வில் மகள்களும் மகன்களோடு ஒப்பப் பங்கு பெறத் தக்கவர் என்று ஆசிரியர் விதந்து கூறுகிறார். ஆயிரத்து இருநூறு ஆண்டுகட்கு முன் எழுதப்பட்ட இக்கருத்து, கூட்டுக் குடும்பச் சொத்தில் மகளுக்குச் சமவுரிமை அளித்துத் தமிழ்நாட்டில் 1989-இலும் இந்தியா முழுவதும் 2005-இலும் நடைமுறைக்கு வந்த சட்டத் திருத்தங்களோடு வைத்து எண்ணத்தக்கது.

இம்மூன்று பங்குகளுள் தந்தைக்கென்று ஒரு பங்கு இல்லை. அவன் இல்லத்தில் இருக்கப்போவதில்லை என்பதே அதற்குக் காரணம். சிராவகர்க்குரிய பதினொரு நிலைகளும் இவ்வொழுங்கையே காட்டுகின்றன. ஒன்பதாம் நிலையில் உடைமையைத் துறக்கிறான். பத்தாம் நிலையில் குடும்ப அலுவல்களில் கருத்துரைப்பதையும் விடுகிறான். பதினோராம் நிலையில் இல்லத்தையே விட்டு நீங்கித் துறவியர் சார்பில் வாழ்கிறான். பொருளின் மேலுள்ள உரிமையும், பொருளின் தேவையும் ஒருங்கே குறைந்துகொண்டு வருமாறு இப்படிகள் அமைந்துள்ளன.

துறந்தவனின் முதுமையை யார் தாங்கினர்? ஒரு மகனோ ஒரு குடும்பமோ தாங்கவில்லை, சங்கம் தாங்கியது. முதிர்ந்தோர்க்கும் பிணியுற்றோர்க்கும் உடன் துறவியர் செய்யும் பணிவிடை வையாவிருத்தியம் எனப் பெயர் பெற்று, அகத்தவங்கள் ஆறனுள் ஒன்றாக வைக்கப்பட்டது. உணவையும் மருந்தையும் ஊரிலுள்ள இல்லறத்தார் அனைவரும் ஆகாரதானமாகவும் ஔடததானமாகவும் வழங்கினர். ஒருவரது முதுமைச் சுமை ஒரு வாசலில் இறங்காமல் பல வாசல்களில் சிறிது சிறிதாகப் பகிரப்பட்டது. பிற்காலத்தில் உலகின் சில நாடுகள் காப்பீடு என்ற பெயரில் கண்ட வழியின் உட்கருத்தும் இதுவேயாம்.

முதல் அழியாத முறை

முற்காலத் தமிழகத்தில் நெடுநாள் செலவுகட்கு மற்றொரு வழியும் வகுக்கப்பட்டிருந்தது. கோயிலில் ஒரு நந்தாவிளக்கு எரிய வேண்டுமாயின் 96 ஆடுகளோ 90 ஆடுகளோ விடப்பட்டதைச் சோழர் கல்வெட்டுகள் கூறுகின்றன. அவ்வாடுகள் சாவா மூவாப் பேராடுகள் எனப்பட்டன. ஆடுகள் இறப்பதும் மூப்பதும் உண்டு. எனினும் ஏற்றுக்கொண்ட இடையர் குட்டிகளைக் கொண்டு எண்ணிக்கை குறையாமல் காத்து, நாள்தோறும் நெய் அளந்தனர். காசாகக் கொடுக்கப்பட்ட இடத்தில் முதல் நிற்க, அதன் பலிசையாகிய வட்டியே செலவிடப்பட்டது. போளூரை அடுத்த திருமலையில் குந்தவை பெயரால் விளங்கும் ஜினாலயத்தில், முதலாம் இராஜேந்திர சோழன் காலத்தில் வணிகர் ஒருவரின் மனைவி சாமுண்டப்பை என்பவர் விளக்கிற்கும் திருவமுதிற்கும் காசு அளித்த செய்தி கல்லில் உள்ளது.

இவை முதிய பெற்றோர்க்காகச் செய்யப்பட்டவை அல்ல. ஆயினும், முடிவு தெரியாத செலவை முடிவு தெரிந்த தொகையால் ஈடுசெய்ய முடியாது என்பதை அக்காலத்தார் உணர்ந்திருந்தனர் என்பதற்கு இவை சான்றாகும். விளக்கு எத்தனை ஆண்டு எரிய வேண்டும் என்பது தெரியாது. எனவே முதல் அழியாதிருக்க வேண்டும். முதியவர் எத்தனை ஆண்டு வாழ்வார் என்பதும் தெரியாது. அங்கும் அதே நெறி பொருந்தும்.

நிலம் தாங்கிய காலம்

கூட்டுக் குடும்பமும் வேளாண்மையும் இணைந்திருந்த காலத்தில் முதியோர்க்கென்று தனிக்கணக்கு எழுதப்படவில்லை. வந்தவாசி, ஆரணி, செஞ்சி, திண்டிவனம் பகுதிகளில் பரவியிருந்த தமிழ்ச் சமணக் குடும்பங்களும் பெரும்பாலும் நிலத்தை நம்பியே வாழ்ந்தன. பட்டா தந்தை பெயரிலேயே இருக்கும். நெல் களத்திலிருந்து வீட்டுக் குதிருக்கு வரும். அதிலிருந்தே குழந்தைக்கும் கிழவருக்கும் சோறு. தந்தையின் கையில் நிலம் இருந்தவரை அவர் சொல்லுக்கு மதிப்பு இருந்தது. மதிப்பு இருந்தவரை பேணல் தடையின்றி நடந்தது.

அக்காலத்தை முழுப் பொற்காலமாகக் கருதுவதும் பொருந்தாது. கணவனை இழந்த மூதாட்டியர்க்கு நிலத்தில் உரிமை இல்லை. ஜீவனாம்சம் என்னும் பிழைப்பூதியமே அவர்களுக்கு உரியதாக இருந்தது. பாகப்பிரிவினையின்போது சில இடங்களில் தாயின் வாழ்நாளுக்கென ஒரு துண்டு நிலம் ஒதுக்கப்பட்டது. ஒதுக்கப்படாத இடங்களில் தாய் மகன்களின் வீடுகட்கு முறை வைத்துச் சென்று உண்ண நேர்ந்தது. 1937-ஆம் ஆண்டுச் சட்டமே கணவன் சொத்தில் கைம்பெண்ணுக்கு வாழ்நாள் பங்கை முதன்முதலில் அளித்தது. 1956-ஆம் ஆண்டின் வாரிசுரிமைச் சட்டம் அதனை முழுவுரிமையாக்கியது.

அக்காலப் பேணலின் பெருஞ்செலவு பணத்தில் இல்லை. பெண்களின் உழைப்பில் இருந்தது. படுக்கையிலிருந்த மாமனாரையும் மாமியாரையும் குளிப்பாட்டி, ஊட்டி, இரவில் விழித்திருந்து காத்தவர் மருமகள். அவ்வுழைப்பிற்குக் கணக்கில்லை. கூலி இல்லாததால் செலவே இல்லை என்று குடும்பம் நினைத்தது. இன்று அதே பணிக்குப் பகலுக்கு ஒருவர், இரவுக்கு ஒருவர் என்று ஆள் அமர்த்தி மாதச் சம்பளம் கொடுக்கும்போதுதான் அன்று கணக்கில் வராதது எவ்வளவு பெரிது என்பது புலனாகிறது.

நிலத்தின் பிடி தளர்ந்தது கல்வியாலும் சம்பள வேலையாலும். ஆசிரியப் பணியும் அரசுப் பணியும் ஒரு தலைமுறையை ஊரிலிருந்து நகரத்திற்கு அழைத்துச் சென்றன. அத்தலைமுறைக்கு ஓய்வூதியம் துணையாயிற்று. அவர் காலமானால் மனைவிக்குக் குடும்ப ஓய்வூதியம் கிடைத்தது. நிலத்தின் இடத்தைக் கருவூலம் பெற்றது எனலாம். ஆனால் தமிழ்நாட்டில் 1-4-2003-க்குப் பின் அரசுப் பணியில் சேர்ந்தோர் பங்களிப்பு ஓய்வூதியத் திட்டத்திற்கு மாற்றப்பட்டனர். தனியார் பணியிலும் சிறுதொழிலிலும் உள்ளவர்க்கு நிலையான ஓய்வூதியம் என்பது பெரும்பாலும் சிறு தொகையே. ஆகவே பலருக்கு எஞ்சிய ஒரே பெரிய உடைமை வீடும் மனையும்தான். முதுமைச் செலவைப் பற்றிய இன்றைய சிக்கலெல்லாம் அந்த வீட்டைச் சுற்றியே சுழல்கிறது.

அயல்நாட்டு உழவர் எழுதிக்கொண்டவை

சொத்தை ஒப்படைத்தபின் தந்தை வீட்டிலேயே இருப்பின் என்ன செய்வது என்னும் வினாவை ஐரோப்பிய உழவர்கள் நெடுங்காலத்திற்கு முன்பே எதிர்கொண்டனர். பதின்மூன்று, பதினான்காம் நூற்றாண்டுகளில் இங்கிலாந்தின் பண்ணை மன்றப் பதிவேடுகளில் அவர்களது உடன்படிக்கைகள் எழுதி வைக்கப்பட்டன. நிலத்தைப் பெறுபவர் முதியவர்க்கு ஆண்டுக்கு இத்தனை அளவு கோதுமை, பார்லி, பட்டாணி தரவேண்டும். உடையும் விறகும் தரவேண்டும். வீட்டில் இன்ன அறையில் தங்க விடவேண்டும் என்றெல்லாம் அவற்றில் விவரமாகக் குறிக்கப்பட்டது. பெறுபவர் மகனாக இருந்த இடங்களும் உண்டு. உறவல்லாத அயலாராக இருந்த இடங்களும் உண்டு. சொன்னபடி செய்யாவிடில் தண்டம் விதிக்கப்பட்டது. நிலம் திரும்பப் பெறப்பட்டதும் உண்டு.

செருமானிய நாட்டில் இம்முறை ஆல்டென்டைல் எனப் பெயர் பெற்றது. முதியோர் பங்கு என்பது அதன் பொருள். பண்ணையைப் பெறும் மகன் பெற்றோர்க்கு உறைவிடமும் உணவும் பணிவிடையும் அளிக்கக் கடமைப்பட்டான். பல பண்ணைகளில் பெரிய வீட்டின் அருகே முதியோர்க்கெனச் சிறிய வீடு ஒன்று தனியே கட்டப்பட்டது. இவ்வுரிமையை நிலப் பதிவேட்டில் பொறிக்கவும் முடியும். அவ்வாறு பொறித்துவிட்டால் மகன் நிலத்தை விற்றாலும் பெற்றோரின் உரிமை நிலத்தோடு சேர்ந்தே செல்லும். வாங்கியவரையும் அது கட்டுப்படுத்தும்.

எழுதிக்கொள்ளாமல் கொடுத்தால் என்ன நேரும் என்பதை ஷேக்ஸ்பியர் 1606-ஆம் ஆண்டளவில் லியர் மன்னன் நாடகத்தில் காட்டினார். நாட்டையெல்லாம் இரு மகள்களுக்குக் கொடுத்த லியர், தனக்கென்று வைத்துக்கொண்டது 100 வீரர்களும் மாதமுறை வைத்து இரு மகள்கள் வீட்டிலும் தங்கும் உரிமையும் மட்டுமே. அந்நூறு ஐம்பதாயிற்று, ஐம்பது இருபத்தைந்தாயிற்று, இறுதியில் ஒருவர்தான் எதற்கு என்னும் கேள்வி எழுந்தது. அரசன் கதையாயினும், முறை வைத்துச் சோறு பெறும் எந்த முதியவரின் கதையும் அதில் அடங்கியுள்ளது.

ஆவணமும் சட்டமும்

தமிழ்நாட்டில் இன்று பெற்றோர் வீட்டை மக்களுக்குக் கொடுக்கப் பெரிதும் கையாளும் ஆவணம் தான செட்டில்மெண்டு. விற்பனைப் பத்திரத்தை நோக்க இதற்கு முத்திரைத் தீர்வை மிகக் குறைவு. உயில் போன்று இறப்பிற்குப்பின் சான்று தேடும் அலைச்சல் இல்லை; பதிவு செய்த அன்றே உரிமை மாறிவிடும். மகனுக்கு வங்கிக் கடன் பெறவும் வீட்டை இடித்துக் கட்டவும் வசதி. இவையே பெற்றோர் இதனை விரும்பக் காரணம்.

ஆனால் 1882-ஆம் ஆண்டின் சொத்து மாற்றச் சட்டம், ஒருமுறை முறைப்படி கொடுத்த தானத்தைக் கொடுத்தவர் தம் விருப்பப்படி திரும்பப் பெற இயலாது என்று கூறுகிறது. இரு தரப்பும் முன்னரே ஒப்புக்கொண்ட நிபந்தனை இருந்தால் விலக்கு உண்டு. அன்பினாலும் பாசத்தினாலும் எழுதிக் கொடுத்தேன் என்ற ஒரு வரியோடு நின்றுவிடும் ஆவணத்தில் அத்தகைய நிபந்தனை காணப்படாது. பேணுவான் என்ற நம்பிக்கை பெற்றோர் நெஞ்சில் இருந்தது, பத்திரத்தில் இல்லை. நூறாண்டுக்கும் மேலாக இவ்விடைவெளியில் வீழ்ந்த முதியோர் பலர்.

சட்டம் மெல்ல மெல்லவே இவ்விடைவெளியை நிரப்பியது. 1956-ஆம் ஆண்டின் தத்தெடுப்பு மற்றும் பராமரிப்புச் சட்டம், தம் வருவாயாலும் சொத்தாலும் வாழ இயலாத முதிய பெற்றோரைப் பேணும் கடமையை மகன், மகள் இருவர்க்கும் விதித்தது. இச்சட்டம் சமணர்க்கும் பொருந்தும் என்று அதிலேயே கூறப்பட்டுள்ளது. 2014-இல் சமணர் தேசியச் சிறுபான்மையினராக அறிவிக்கப்பட்ட பின்னரும் இந்நிலை மாறவில்லை. 1973-ஆம் ஆண்டின் குற்றவியல் நடைமுறைச் சட்டம், பெற்றோர் குற்றவியல் நடுவரிடம் நேரே சென்று பராமரிப்புத் தொகை கோரும் வழியைத் திறந்தது. எனினும் மாதத்திற்கு 500 ரூபாய்க்கு மேல் வழங்க இயலாது என்னும் வரம்பு 2001 வரை நீடித்தது. மணமான மகளுக்கும் இக்கடமை உண்டு என்பதை உச்ச நீதிமன்றம் 1987-இல் உறுதி செய்தது. சமபங்கு கூறிய ஜினசேனரின் வழியில், சமகடமையும் சேர்ந்து வந்தது.

2007-ஆம் ஆண்டின் பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் பராமரிப்பு மற்றும் நலச் சட்டம் ஒரு திருப்புமுனை. இதன்படி வருவாய்க் கோட்ட அளவில் தீர்ப்பாயங்கள் அமைந்தன. வழக்கறிஞர் இன்றியே முதியவர் முறையிடலாம். மாதம் 10,000 ரூபாய் வரை பராமரிப்புத் தொகை வழங்க ஆணையிடலாம். மகன், மகள், வயது வந்த பேரன், பேத்தி ஆகியோர் பொறுப்புடையோர். மக்கள் இல்லாதவர்க்கு அவர் சொத்தைப் பெறவிருக்கும் உறவினர் பொறுப்பு. இச்சட்டத்தின் 23-ஆம் பிரிவு, பேணுதல் என்னும் நிபந்தனையோடு கொடுத்த சொத்தைப் பெற்றவர் பேணத் தவறினால், அம்மாற்றத்தையே செல்லாது என அறிவிக்கும் அதிகாரத்தைத் தீர்ப்பாயத்திற்கு அளித்தது. இங்கிலாந்துப் பண்ணை மன்றம் எழுநூறு ஆண்டுகட்கு முன் செய்ததை இந்திய முதியவர்க்கு இப்பிரிவு செய்தது.

நிபந்தனை எழுதப்பட்டிருக்க வேண்டுமா என்பதே அடுத்த வழக்கு. நிபந்தனை இருந்தது என்று காட்டப்படாவிடில் 23-ஆம் பிரிவின் பயன் கிடைக்காது என்று உச்ச நீதிமன்றம் 2022 டிசம்பரில் கூறியது. 2025 சனவரியில் மத்தியப் பிரதேசத்துத் தாய் ஒருவரின் வழக்கில், முதியோர் நலனுக்காக இயற்றப்பட்ட சட்டத்தை அந்நோக்கம் நிறைவேறும் வகையில் தாராளமாகப் பொருள்கொள்ள வேண்டும் என்று கூறித் தானத்தை நீக்கியதை உறுதி செய்தது. சென்னை உயர் நீதிமன்றமும் 2025-இல், அன்பும் பாசமும் கருதி எழுதப்பட்டது என்பதிலேயே பேணும் நிபந்தனை உள்ளடங்கியுள்ளது என்னும் கருத்தை வெளியிட்டது. நீதிமன்றங்களின் போக்கு முதியோர்க்குத் துணையாகவே அமைகிறது. எனினும் எழுதப்படாத ஒன்றை நிறுவ 80 வயதில் படியேறுவதைக் காட்டிலும், 65 வயதில் ஒரு வரி கூடுதலாக எழுதிக்கொள்வது எளிது.

இச்சட்டத்தில் மருமகளும் மருமகனும் பொறுப்புடையோர் பட்டியலில் இல்லை. வீட்டில் உண்மையாகவே பேணும் உழைப்பைத் தருபவர் சட்டத்தின் கண்ணுக்குத் தெரியாதவராகவே உள்ளார். அவருக்குக் கடமையும் விதிக்கப்படவில்லை. அவர் உழைப்பிற்கு மதிப்பும் வைக்கப்படவில்லை.

அரசும் காப்பீடும்

வறிய முதியோர்க்குத் தமிழ்நாடு அரசு 1962-ஆம் ஆண்டிலேயே உதவித்தொகை வழங்கத் தொடங்கியது. நடுவண் அரசின் தேசியத் திட்டம் 1995-இல் மாதம் 75 ரூபாயோடு வந்தது. தமிழ்நாட்டில் 2023 முதல் மாதம் 1,200 ரூபாய் வழங்கப்படுகிறது. அரிசிக்கும் மருந்துக்கும் இது உதவும். ஆள் அமர்த்த உதவாது. 70 வயது கடந்தோர் அனைவர்க்கும் குடும்பத்திற்கு ஆண்டுக்கு 5 இலட்சம் ரூபாய் வரையிலான மருத்துவக் காப்பீட்டை நடுவண் அரசு 2024 அக்டோபரில் விரிவுபடுத்தியது. அதுவும் மருத்துவமனையில் சேர்ந்து பெறும் சிகிச்சைக்கே உரியது. இடுப்பெலும்பு அறுவைக்கு அது பணம் தரும். அறுவைக்குப்பின் ஓராண்டு எழ முடியாதவரைத் தூக்கி உட்கார வைப்பவர்க்குத் தராது.

செருமனி 1995-இலும் சப்பான் 2000 ஏப்ரலிலும் பேணலுக்கென்றே தனிக் காப்பீட்டை ஏற்படுத்தின. சப்பானில் 40 வயது முதல் அனைவரும் கட்டாயமாகச் சந்தா செலுத்துகின்றனர். திட்டச் செலவில் பாதி சந்தாவிலிருந்தும் பாதி வரியிலிருந்தும் வருகிறது. தேவைப்படும் முதியவர்க்கு வீட்டிற்கே வந்து குளிப்பாட்டுவோரும் பகல்நேரப் பராமரிப்பும் கிடைக்கின்றன. அவர் தம் கையிலிருந்து தருவது பெரும்பாலும் பத்தில் ஒரு பங்கே. செருமனியில், வீட்டிலேயே உறவினர் பேணினால் அதற்கெனப் பணம் வழங்கப்படுகிறது. பேணும் உறவினரின் ஓய்வூதியத்திற்கும் காப்பீட்டு நிதியிலிருந்து சந்தா செலுத்தப்படுகிறது. மருமகளின் உழைப்பிற்கு மதிப்பு உண்டு என்பதை ஒரு நாட்டின் சட்டம் ஏற்றுக்கொண்டமைக்கு இது எடுத்துக்காட்டு.

இந்தியாவில் இத்தகைய ஏற்பாடு இல்லை. ஆகவே இங்குப் பேணலின் காப்பீடு குடும்பத்தின் கையிலுள்ள பொருளே. 2004-இல் தொடங்கிய மூத்த குடிமக்கள் சேமிப்புத் திட்டத்தில் வைப்பு வரம்பு 2023-இல் 15 இலட்சத்திலிருந்து 30 இலட்சமாக உயர்த்தப்பட்டது. அவ்வாண்டு ஏப்ரலில் அறிவித்த 8.2 விழுக்காட்டின்படி 30 இலட்சத்திற்கு மூன்று மாதத்திற்கொருமுறை 61,500 ரூபாய் வட்டி வரும். இதுவும் சாவா மூவாப் பேராட்டின் முறையே: முதல் நிற்க, பலிசை உண்ணப்படுகிறது. ஒரு வேறுபாடு உண்டு. ஆடு குட்டி ஈனும். வைப்புத் தொகை ஈனாது. விலைவாசி ஏறும்போது அதே வட்டி சிறுத்துப் போகும். ஆகவே முதல் ஐந்தாறு ஆண்டுகளில் வட்டி முழுவதையும் செலவிடாமல் ஒரு பகுதியை முதலோடு சேர்ப்பதே இடையர் கண்ட வழி.

பணம் இல்லை, வீடு மட்டும் உண்டு என்போர்க்கு 2008 முதல் மறு அடமானக் கடன் என்னும் வழி உள்ளது. 60 வயது கடந்தவர் தாம் குடியிருக்கும் சொந்த வீட்டை வங்கிக்கு ஈடாக்கித் தவணை முறையில் தொகை பெறலாம். வாழ்நாள் முழுதும் அவ்வீட்டிலேயே இருக்கலாம். அவர் காலத்திற்குப்பின் மக்கள் கடனைத் தீர்த்து வீட்டை மீட்கலாம். இல்லையேல் வீடு விற்கப்பட்டுக் கடன்போக மீதி அவர்கட்குச் சேரும். வீடு மக்களுக்கென்றே வைக்க வேண்டும் என்னும் எண்ணத்தால் இது இந்நாட்டில் பரவவில்லை.

நான்காம் பங்கு

எழுதிக்கொள்வது நம்பிக்கையின்மையின் அடையாளம் என்று கூசும் பெற்றோர் பலர். பெற்ற மகனிடம் நிபந்தனையா என்பர். ஆனால் பெரியோரைச் சான்றாக வைத்தே பொருளை ஒப்படைக்கச் சொன்னது ஆதிபுராணம். துறந்து செல்பவன் தனக்கென எதுவும் கேளாதபோதே சான்று வேண்டும் என்றால், இல்லத்திலேயே இருபது ஆண்டு இருக்கப் போகிறவர்க்கு அது வேண்டாமா? மேலும் எழுத்து பெற்றோரை மட்டும் காப்பதன்று. உடன்பிறந்தார் நால்வருள் ஒருவர் மட்டும் பேணும் பொறுப்பேற்று, மற்றவர் அயலூரில் இருக்கும்போது, பேணியவரே சொத்துக்காகப் பேணினார் என்னும் பழிக்கு ஆளாவதுண்டு. யார் பணம் தருவது, யார் உடனிருப்பது, உடனிருப்பவர்க்கு என்ன ஈடு என்பதைப் பெற்றோர் நலமாக இருக்கும்போதே எல்லாரும் கூடி எழுதிவிட்டால் அப்பழி எழாது.

ஒப்படைத்தே ஆகவேண்டிய நிலையில் ஆவணத்தில் இடம்பெற வேண்டியவை மூன்று. பெற்றோர் இருவரும், அவருள் ஒருவர் மறைந்தபின் மற்றவரும், வாழ்நாள் முழுதும் அவ்வீட்டில் குடியிருக்கும் ஆயுட்கால அனுபவ உரிமை. உணவு, மருந்து, ஆள் அமர்த்துதல் உள்ளிட்ட பேணலைப் பெறுபவர் ஏற்கும் தெளிவான நிபந்தனை. அவர்கள் காலம் வரை விற்கவோ அடகு வைக்கவோ கூடாது என்னும் தடை. அவசரம் இல்லாத நிலையில் உயிலே போதுமானது. அதை எழுதியவர் உயிரோடு இருக்கும்வரை மாற்றிக்கொள்ளலாம்.

ஜினசேனாசாரியர் வகுத்த பங்கீட்டில் அறத்திற்கு ஒன்று, இல்லத்திற்கு ஒன்று, மக்களுக்கு ஒன்று என மூன்றே பங்குகள். கொடுப்பவன் கானேகினான், அவனுக்குப் பங்கு தேவைப்படவில்லை, அவனைச் சங்கம் ஏந்திக்கொண்டது. இக்காலப் பெற்றோர் பத்தாம் நிலைக்குரிய கருத்துத் துறவையும் ஒன்பதாம் நிலைக்குரிய உடைமைத் துறவையும் மக்கள் பொருட்டு ஏற்றுக்கொள்கின்றனர். ஆனால் பதினோராம் நிலைக்குச் செல்லாமல் இல்லத்திலேயே முதுமையைக் கழிக்கின்றனர். உடைமை நீங்கியும் தேவை நீங்காத இந்நிலை பழைய பங்கீட்டில் கருதப்படாதது. ஆகவே மூன்றோடு நான்காவதாக, பெற்றோர் தம் பெயரிலேயே வைத்துக்கொள்ளும் ஒரு பங்கு இக்காலத்திற்கு இன்றியமையாதது. அதன் முதல் அவர்கள் காலம்வரை கலையாதிருக்க வேண்டும். அதன் வருவாயிலிருந்து, பேணுபவர் மருமகளாயினும் மகளாயினும் அமர்த்தப்பட்ட ஆளாயினும், அவர் உழைப்பிற்கு உரியது அளிக்கப்பட வேண்டும். அவர்கள் காலத்திற்குப்பின் அப்பங்கும் மக்களுக்கே வந்து சேரும். மக்கள் இழப்பது ஒன்றுமில்லை. சில ஆண்டுகள் பொறுத்திருத்தல் மட்டுமே.